குறி தவறியதால் குறியான நகரங்கள்

1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசின் கைக்கு ஓர் அறிக்கை வந்தது. ஜெர்மனியில் இலக்கைத் தாக்கியதாகச் சொல்லித் திரும்பிய பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களில் நான்கில் ஒன்றுதான் அந்த இலக்குக்கு ஐந்து மைல் தொலைவுக்குள்ளாவது போயிருந்தது. பகலில் போனால் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன. இரவில் போனால் தொழிற்சாலை எது, வயல் எது என்று தெரியவில்லை. அந்த விமானங்களால் தவறவிட முடியாத அளவுக்குப் பெரிய இலக்கு ஒன்றுதான் இருந்தது: நகரம்.

1942 பிப்ரவரியில், தொழிலாளர்களின் மன உறுதியைக் குலைப்பதே நோக்கம் என்று உத்தரவு வந்தது. அடுத்த மாதமே சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் லிண்டெமான், வீடுகளை இடித்து மக்களை நடுத்தெருவில் நிறுத்தினால் ஜெர்மனி பணியும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். குறிபார்க்கத் தெரியாத ஆயுதத்துக்கு ஏற்றபடி ஒரு போர்க் கொள்கை தைக்கப்பட்டது என்பதே நம் துணிபு.

வார்சாவையும் ராட்டர்டாமையும் லண்டனையும் முதலில் எரித்தது ஜெர்மனிதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால், 40,000-க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகும் பிரிட்டன் பணியவில்லை. தன் மக்கள் தாங்கியதை எதிரியின் மக்கள் தாங்கமாட்டார்கள் என்று எந்த நியாயத்தில் நம்பினார்கள்? 1943 ஜூலையில் ஹாம்பர்க் நெருப்புப் புயலில் ஏறத்தாழ 37,000 பேர் மாண்டனர். அதன் பிறகும் ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி 1944-இன் நடுப்பகுதிவரை ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதை முடக்கியதில் பெரும்பங்கு, எரிபொருள் ஆலைகள்மீதும் ரயில் பாதைகள்மீதும் நடந்த தாக்குதல்களுக்கே உண்டு.

டோக்கியோவை எரித்த அமெரிக்கர்கள், அங்கே வீடுதோறும் பட்டறை இருந்தது என்றார்கள். 1945 மார்ச்சில் ஒரே இரவில் அங்கே மாண்ட சுமார் ஒரு லட்சம் பேரில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் எந்தப் பட்டறையில் வேலை செய்தார்கள்? போருக்குப் பின் நடந்த நியூரம்பர்க் விசாரணையில் நகரக் குண்டுவீச்சுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. தீர்ப்பு சொன்ன நாடுகளும் அதையே செய்திருந்தன.

ஒரு நகரில் தனித்தனியாக உள்ள ராணுவ இலக்குகளை ஒன்றாகக் கருதி நகரையே தாக்குவதை, ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டின் முதலாவது கூடுதல் நெறிமுறை தடைசெய்கிறது. இன்று ஒரு கட்டடத்தை மட்டும் குறிவைக்கும் குண்டுகள் உண்டு. குறி தவறியது என்ற பழைய சாக்குக்கு இனி இடமில்லை. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்ற இந்த நெறிமுறையில் இந்தியா இன்றுவரை சேரவில்லை. அணுகுண்டை எதிர்த்து உலக அரங்கில் குரல்கொடுத்த நாட்டுக்கு இது அழகல்ல. மத்திய அரசு இனியும் தயங்காமல் அதை ஏற்க வேண்டும்.