பேறுகாலப் பையும் தவக்குலும்



நம் சமுதாயத்தின் பல இல்லங்களில் ஒரு வழக்கம் இன்றளவும் நீடிக்கிறது. மகளுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்கிய பிறகும், மருத்துவமனைக்கான பையைக் கட்டி வைக்க மாட்டார்கள். "பிள்ளை பிறக்குமுன் உடுப்பு வாங்கலாமா? கண் பட்டுவிடும்" என்பார் மாமி. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று வாப்பா பேச்சை முடித்துவிடுவார். பிறகு ஒரு நள்ளிரவில் வலி எடுக்கும். ஸ்கேன் அறிக்கை ஓர் அலமாரியில் இருக்கும். இரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கே என்று எவருக்கும் தெரியாது. வலியால் துடிப்பவளிடமே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்போம்.

மாமியின் சொல் சகுனம். வாப்பாவின் சொல் தவக்குலைப் பிழையாக விளங்கியதன் விளைவு. இரண்டுக்கும் மார்க்கத்தில் இடமில்லை. கண்ணேறு உண்மை என்று நபிமொழி கூறுகிறது. ஆனால் அதற்குப் பரிகாரமாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தவை பாதுகாப்புத் தேடும் துஆக்களே. வெறும் பையை வைத்திருப்பதன்று. சகுனம் பார்ப்பதையோ அவர்கள் தடுத்தே இருக்கிறார்கள்.

தவக்குலுக்கு ஹிஜ்ரத் பயணத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு ஏது? அந்தப் பயணம் எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டது என்பதைப் பாருங்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் இரண்டு ஒட்டகங்களுக்கு நான்கு மாதங்கள் தீனி கொடுத்து அவற்றைத் தயாராக வைத்திருந்தார்கள். பாதை நன்கறிந்த வழிகாட்டி ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டார். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். வழிப்பயண உணவு ஒரு தோற்பையில் வைக்கப்பட்டது. அதன் வாயைக் கட்டக் கயிறு இல்லாதபோது, அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் தமது இடுப்புக் கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். 'தாத்துந் நிதாகைன்', அதாவது இரு கச்சைகளுக்குரியவர் என்ற சிறப்புப் பெயர் அதனாலேயே அவர்களுக்கு வாய்த்தது. தூதருக்கு அல்லாஹ்வின் பாதுகாப்பு உண்டு என்பதை அந்த இல்லத்தாரைவிட உறுதியாக நம்பியவர் எவர்? அவர்கள்தாம் பை கட்டினார்கள்.

அந்த அஸ்மா (ரலி) அவர்களே பின்னர் நிறைமாதக் கர்ப்பிணியாக ஹிஜ்ரத் புறப்பட்டு, குபாவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களைப் பெற்றெடுத்தார்கள். பேறுகாலமும் ஒரு பயணமே. எட்டாம் மாதம் முடிவதற்குள் அதற்கான பை தயாராக இருத்தல் வேண்டும்.

பையின் மேற்பகுதியில் இருக்க வேண்டியவை காகிதங்கள். மகப்பேறு அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார் நகல்கள், தமிழ்நாட்டில் எனில் பிறப்புச் சான்றிதழுக்குத் தேவைப்படும் பிக்மி எண், இரத்த வகைச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். இரத்த வகைச் சீட்டை எளிதாக எண்ண வேண்டாம். தாயின் வகை நெகட்டிவாகவும் குழந்தையின் வகை பாசிட்டிவாகவும் இருந்தால், வழக்கமாக 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு 'ஆன்டி-டி' ஊசி போட வேண்டியிருக்கும். அடுத்து, முன்புறம் திறக்கும் தளர்ந்த உடைகள், தலைத்துணி, போதிய நாப்கின்கள், துவைத்து வெயிலில் உலர்த்திய மென்மையான பருத்தித் துணிகள், குழந்தைக்குக் குல்லா, பிளாஸ்க், கைப்பேசி சார்ஜர். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் நீரும் தஸ்பீஹ் மணியும் தாராளமாக இருக்கட்டும். மர்யம் (அலை) அவர்களுக்குப் பேற்று வேளையில் இறைவன் அளித்த உணவு பேரீச்சங்கனியன்றோ!

ஆயினும், எந்தப் பையிலும் வைக்க முடியாத சில முடிவுகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே எடுக்காமல் இருப்பதுதான் பெரும் ஆபத்து. பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடும் இரத்தப்போக்கு தாய்மார்களின் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அவ்வேளையில் இரத்தம் கொடுக்க வரக்கூடிய இருவர் அல்லது மூவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் அந்த உறைக்குள் இருக்கட்டும். அறுவைச் சிகிச்சை தேவை என மருத்துவர் கூறும்போது, "வெளிநாட்டிலுள்ள மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்கிறோம்" என்று காலம் கடத்தலாகாது. கணவரும் மனைவியும் முன்னரே பேசி, உடனிருக்கும் ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைத்துவிட வேண்டும்.

பெண் மருத்துவரை நாடுவது நம் கடமை; அத்தகைய மருத்துவமனையை முன்பே தேடிக்கொள்ளுங்கள். ஆனால் நெருக்கடியில் பெண் மருத்துவர் இல்லையெனில், ஆண் மருத்துவர் தேவையான அளவுக்குச் சிகிச்சை அளிப்பதை மார்க்கச் சட்ட அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். அந்த வாசலில் நின்று விவாதிப்பது பேணுதலாகாது. ஓர் உயிரைக் காப்பாற்றியவர் மனிதர் அனைவரையும் காப்பாற்றியவர் போன்றவர் என்பது குர்ஆன் கூறும் கருத்து.

குழந்தையின் வாயைப் பற்றியும் ஒரு சொல். பிறந்தவுடன் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தேனில் நோய்நிவாரணம் இருப்பது உண்மையே. எனினும் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அது கடுமையான நச்சு நோயை உண்டாக்கக்கூடும் என மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவே பையிலிருந்து தேன் குப்பியை எடுத்துவிடுங்கள். தஹ்னீக் செய்வது சுன்னத்; அதை மருத்துவரிடம் கேட்டு, தூய்மை பேணி, பெயரளவுக்குச் செய்தால் போதும். குழந்தையின் முதல் உணவு சீம்பால்தான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் அதைப் புகட்டுவது நலம். பீய்ச்சிக் கீழே ஊற்றுவது அல்லாஹ் அளித்த ரிஸ்கை வீணாக்குவதாகும்.

இறுதியாகக் கணவன்மார்களுக்கு: இந்தப் பையைக் கட்டுவது பெண்களின் வேலை என்று ஒதுங்காதீர்கள். மனைவியின் மருத்துவச் செலவுக்குப் பணம் ஒதுக்குவதும், இரவில் வர இசையும் வாகன ஓட்டியின் எண்ணைக் குறித்து வைப்பதும், எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என அறிந்திருப்பதும் உங்கள் பொறுப்பு. பை கட்டி முடிந்த பிறகு, இருவரும் கையேந்திக் கேளுங்கள். அப்போது "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லுங்கள், அதுவே தவக்குல்.

கருவுற்றிருக்கும் நம் சகோதரிகள் அனைவருக்கும் எளிதான பிரசவத்தையும், ஸாலிஹான மக்களையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.