தச்சரின் விரலும் காப்புரிமைச் சட்டமும்

வட்ட ரம்பம் பொருத்திய அறுவை மேசையில் கைபட்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவை நாடுவோர் அமெரிக்காவில் ஆண்டுதோறும் சுமார் 30,000 பேர். அவருள் ஏறத்தாழ 4,000 பேர் விரலிழக்கின்றனர். இது அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தரும் மதிப்பீடு. மருத்துவச் செலவு, வேலையிழப்பு, வலி ஆகியவற்றைப் பணத்தால் அளந்து, 2015-ஆம் ஆண்டின் இழப்பு 400 கோடி டாலருக்கு மேல் என்றும் அவ்வாணையம் கணக்கிட்டது. இவ்விழப்பில் பெரும்பகுதியைத் தடுக்கவல்ல கருவி கால் நூற்றாண்டுக்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டது. ஆயினும் பெரும்பாலான தச்சரின் மேசைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

கண்டறிந்தவர் ஓரிகன் மாநிலத்து ஸ்டீபன் காஸ். இயற்பியல் கற்றவர், தொழிலால் காப்புரிமை வழக்குரைஞர், மரவேலை அவருக்கு ஓய்வுநேர விருப்பம். 1999-இல் அவர் கண்ட வழி எளியது. சுழலும் ரம்பத்தில் மெல்லிய மின்குறி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். உலர்ந்த மரம் அதைப் பெரிதும் பாதிக்காது. மின்னைக் கடத்தும் மனித உடல் தொட்டவுடன் குறி மாறும். அக்கணமே வில்விசைக்கு எதிராகப் பிடித்து வைக்கப்பட்ட அலுமினியக் கட்டையொன்று ரம்பத்தின் பற்களில் பாய்கிறது. ஏறத்தாழ ஐந்து மில்லி நொடியில் ரம்பம் நின்று, மேசைக்குக் கீழே அமிழ்கிறது. கையைத் துண்டித்திருக்கக்கூடிய வெட்டு, பெரும்பாலும் தோலில் ஒரு கீறலோடு முடிந்துவிடும். முதலில் தொத்திறைச்சித் துண்டை வைத்துச் சோதித்தவர், பின்னர்த் தம் விரலையே வைத்துச் சோதித்தார். அத்துணிவை நாம் மதிக்கிறோம்.

பெரிய கருவி நிறுவனங்களுக்கு உரிமம் தர அவர் முன்வந்தார், உடன்பாடு கைகூடவில்லை. மொத்த விற்பனை விலையில் 8 விழுக்காடு வரை உயரக்கூடிய உரிமத்தொகை மிகுதி என்றனர். ஈரமரம் பட்டால் தேவையின்றி ரம்பம் நிற்கும் என்றனர். சில நூறு டாலர் மேசைகளின் விலை ஏறிவிடும் என்றனர். இவை முற்றும் பொய்யல்ல. ஒருமுறை இயங்கினால் ரம்பமும் தடைக்கட்டையும் பாழாகும் என்பதும் உண்மையே. ஆனால் இவற்றினும் பெரியதோர் அச்சம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. பாதுகாப்பான மேசை ஒன்றை விற்கத் தொடங்கினால், அதுவரை விற்ற மற்ற மேசைகளெல்லாம் குறையுடையவை என்பதற்கு நீதிமன்றத்தில் அதுவே சான்றாகிவிடும். அக்கணக்கில் தொழிலாளியின் கை கடைசி வரியிலும் இடம்பெறவில்லை.

காஸ் 2003-இல் பாதுகாப்பு ஆணையத்தை அணுகி, இத்தகைய காப்பை எல்லா மேசைகளுக்கும் கட்டாயமாக்குமாறு மனுச் செய்தார். சாஸ்டாப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கித் தாமே மேசைகளை விற்கவும் செய்தார். நூறை ஒட்டிய காப்புரிமைகளைக் கையில் வைத்திருக்கும் ஒருவர், தம் பொருளைச் சட்டத்தால் கட்டாயமாக்கக் கோருவதிலுள்ள முரணை எதிர்த்தரப்பார் சுட்டிக்காட்டியது நேர்மையான வாதமே. அரசே தண்டல்காரனாகி, வாங்குவோர் ஒவ்வொருவரிடமும் ஒரு தனியாருக்காக வரி வாங்கித் தந்ததுபோல் ஆகியிருக்கும்.

இதன்பின் நிகழ்ந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே சட்டத்தின் குழப்பம் விளங்கும். 2010-இல் பாஸ்டன் நகரில், தரை பதிக்கும் தொழிலாளி ஒருவர் ரியோபி நிறுவனத்தின் அறுவை மேசையில் கை சிதைந்ததற்கு இழப்பீடு கோரினார். கிடைத்திருந்த காப்பைப் பொருத்தாமல் விட்டது வடிவமைப்புக் குறையே என்னும் வாதத்தை ஏற்று, 15 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பின்னர் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் ரம்பத்தைச் சிதைக்காமல் கீழே இழுத்துவிடும் வேறொரு பொறியமைப்போடு மேசை ஒன்றைச் செய்து அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டு வந்தது. சாஸ்டாப் வழக்கிட்டது. 2017-இல் பன்னாட்டு வணிக ஆணையம் காப்புரிமை மீறப்பட்டதெனக் கண்டு, அம்மேசையின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. காப்பைப் பொருத்தாதவன் ஒரு மன்றத்தில் தண்டிக்கப்பட்டான். பொருத்தியவன் இன்னொரு மன்றத்தில் தடுக்கப்பட்டான். இரு தீர்ப்புகளும் தத்தம் சட்டத்திற்கு இயைந்தவை என்பதுதான் இதில் வெட்கப்பட வேண்டியது.

இறக்குமதித் தடை விதிக்கும்போது பொதுமக்களின் உடல்நலத்தையும் நலவாழ்வையும் கருத வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அந்த ஆணையத்திற்குத் தெளிவாகவே கட்டளையிடுகிறது. ஆனால் பொதுநலனை முன்னிட்டுத் தடையை மறுத்த நேர்வுகள் மிகச் சில. 1984-இல் தீக்காயப்பட்டோருக்கான மருத்துவமனைப் படுக்கைகள் பற்றிய வழக்கு அவற்றுள் ஒன்று. படுக்கைக்குக் கிடைத்த இரக்கம் விரலுக்குக் கிடைக்கவில்லை.

2024-இல் சாஸ்டாப், காஸ் கோரிய பாதுகாப்பு விதி நடைமுறைக்கு வருமாயின் தன் முதன்மையான காப்புரிமை ஒன்றைப் பொதுவுக்கு விட்டுவிடுவதாக அறிவித்தது. மற்றக் காப்புரிமைகள் எஞ்சியிருக்கையில் ஒன்றைமட்டும் விடுவது போதாது என்றது கருவி உற்பத்தியாளர் தரப்பு. கொடையை நாம் இகழவில்லை. ஆனால் அது நிபந்தனைக் கொடை. அந்த விதியோ இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. காப்புரிமை அலுவலகத்தில் நேர்ந்த தாமதத்திற்கு ஈடாக ஆயுள் நீட்டிக்கப்பட்ட அந்தக் காப்புரிமை 2033-இல்தான் முடியும் என்று அறிகிறோம். மனுச் செய்த ஆண்டிலிருந்து எண்ணினால் முப்பது ஆண்டு.

காப்புரிமையை ஒழிக்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடன்று. காஸ் உழைத்தார்; உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் கூலி பெறும் உரிமை வேறு, பிறர் செய்வதைத் தடுக்கும் உரிமை வேறு. உயிரையும் உறுப்பையும் காக்கும் பொருளில் முன்னதைத் தக்கவைத்துப் பின்னதைக் கைவிடச் செய்வது அநீதியாகாது. இதற்கு அமெரிக்கர் அயல்நாடுகளைப் பார்த்துக் கற்க வேண்டியதில்லை. அவர்களின் 1970-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்திலேயே முன்மாதிரி உள்ளது. மாசு வரம்பைக் கடைப்பிடிக்கக் காப்புரிமை பெற்ற முறை ஒன்று இன்றியமையாததாகி, தக்க மாற்றுவழியும் இல்லாமல், அதனால் போட்டி நசியும் என்றால், நியாயமான உரிமத்தொகைக்கு உரிமம் தருமாறு நீதிமன்றம் ஆணையிடலாம். காற்றுக்காக எழுதப்பட்ட அந்த விதி கைகளுக்காக எழுதப்படவில்லை. எனவே பாதுகாப்பு ஆணையம் ஒரு கருவியைக் கட்டாயமாக்க முற்பட்டாலும், அதற்கான உரிமத்தை யாரிடமிருந்தும் பெற்றுத்தரும் அதிகாரம் அதனிடம் இல்லை.

கட்டாய உரிமம் புத்தாக்கத்தைக் கொன்றுவிடும் என்போர்க்கு ஒன்று கூறுவோம். இந்தியா 2012-இல் புற்றுநோய் மருந்து ஒன்றுக்குக் கட்டாய உரிமம் வழங்கியபோதும் காப்புரிமையாளருக்கு உரிமத்தொகை உண்டு என்றே ஆணையிட்டது. அறிவாளியின் பங்கு அங்கே பறிக்கப்படவில்லை. நோயாளியின் பங்கு சேர்க்கப்பட்டது.

அமெரிக்க நாடாளுமன்றம் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில், தூய காற்றுச் சட்டத்தில் உள்ளது போன்ற பிரிவொன்றைச் சேர்க்க வேண்டும். பாதுகாப்பு விதியும் உரிமத்தொகையின் உச்சவரம்பும் ஒரே ஆணையில் இடம்பெற வேண்டும். இரண்டில் ஒன்றுமட்டும் வந்தால் காப்புரிமையாளர் கொழிப்பார், அல்லது உற்பத்தியாளர் தப்புவார். 2033 வரை காத்திருக்குமாறு தச்சரிடம் சொல்ல அவர்களில் எவருக்கும் தகுதியில்லை.