வண்டியில் ஏறும் துப்பாக்கி

மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள ஜனநெருக்கடியை நமது வாசகர்களுக்கு நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. தேனிக்கும், திண்டுக்கல்லுக்கும், கோயமுத்தூருக்கும் செல்வோர் மூட்டை முடிச்சுகளுடன் நெருங்கி நிற்கும் இடம் அது. அத்தகைய வீதிகளின் வழியேதான் பாங்கிப் பணத்தைச் சுமக்கும் வண்டிகளும், தோட்டத்துக்குச் செல்லும் ஜீப்புகளும், பிரமுகர்களின் மோட்டார்களும் போகின்றன. இவற்றில் சிலவற்றில் நீண்ட குழல் துப்பாக்கிகளும் உடன் பிரயாணம் செய்கின்றன. அந்தத் துப்பாக்கி எவ்வாறு இருக்க வேண்டும், அதனுள் தோட்டா இருக்கலாமா என்பது அற்ப விஷயம் போலத் தோன்றும். உண்மையில் அது பொதுஜனங்களின் உயிரையும், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற கொள்கையையும் பற்றிய விஷயமாகும்.

ஆயுதச் சட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நாட்டவர் சந்தேகம் கொள்வதற்குத் தக்க காரணம் உண்டு. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801-ஆம் ஆண்டிலேயே, பாளையக்காரர் சீமையில் கும்பினியின் அனுமதியின்றி எவரும் ஆயுதம் தரிக்கலாகாது என்று சென்னைக் கவர்னர் பிரகடனம் செய்தார். லிட்டன் பிரபுவின் ஆட்சியில் 1878-இல் பிறந்த சட்டமோ இந்தியனிடம் லைசென்ஸ் கேட்டது, வெள்ளையனுக்கு விலக்களித்தது. மதுரை ஜில்லாவின் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸார் சுட்டதை இந்தச் சீமை மறக்கவில்லை. ஒரு சாராரை நிராயுதபாணிகளாக்கிவிட்டு மற்றொரு சாரார் கையில் துப்பாக்கியைக் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு அதைவிட வேறு சான்று எதற்கு?

ஆகவேதான் 1927-இல் நாகபுரியில் ஆயுதச் சட்டத்தை மீறிச் சத்தியாக்கிரகம் நடந்தது. தமிழ்நாட்டில் காமராசரும் வாள் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டார். 1931-இல் கராச்சிக் காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பிரஜைகளின் உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆனால் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் ஹெச். வி. காமத் அந்த உரிமையை அடிப்படை உரிமையாக்க முயன்றபோது, டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையையே நமக்கு அளிக்கிறது. அந்நியன் அவநம்பிக்கையால் பறித்ததைச் சுதந்திர நாடு யோசனையுடன் வரம்பிட்டது. இரண்டுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. ஆனால் சட்டம் எவருக்கும் ஒரே மாதிரி அமலாகும் வரையில்தான் அந்த வேற்றுமை நிலைக்கும்.

இன்றுள்ள சட்டம் என்ன சொல்கிறது? 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே இன்றும் அடிப்படை. அதன் 23-வது பிரிவு, சட்ட விரோதமான ஆயுதம் உண்டா என்று அறிய எந்த வண்டியையும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரத்தை மாஜிஸ்டிரேட்டுக்கும் போலீஸ் அதிகாரிக்கும் அளிக்கிறது. 20-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. லைசென்ஸ் உள்ளதோ இல்லாததோ, தகாத காரியத்துக்கென்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க முறையில் ஒருவன் ஆயுதம் கொண்டு சென்றால், ரயிலிலோ பிற வாகனத்திலோ வேலை செய்யும் ஊழியரே அவனைப் பிடிக்கலாம். ஆரப்பாளையத்துப் பஸ் கண்டக்டருக்கும் சட்டம் இந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? 2016-ஆம் ஆண்டின் விதிகளோ, பொது இடத்தில் நீண்ட துப்பாக்கியை அதற்குரிய உறையில் முழுவதும் மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்துக் கொண்டு செல்ல வேண்டும் என்கின்றன. வீதியில் துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டுவதை அடியோடு தடுக்கின்றன. அஜாக்கிரதையாகக் கொண்டாட்ட வேட்டு போட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போருக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது.

தோட்டா நிரப்பிய நீண்ட துப்பாக்கி வண்டியில் இருப்பது ஏன் அபாயம்? இரட்டைக் குழல் துப்பாக்கிகள் பலவற்றில் உள்ள பாதுகாப்புத் தடை விசையை மட்டுமே தடுக்கிறது; உள்ளேயுள்ள சுத்தியலைப் பிடித்து வைப்பதில்லை. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதோ, துப்பாக்கி கீழே விழும்போதோ அது தானே வெடிக்கக்கூடும். வண்டியிலிருந்து இறங்குபவன் நீண்ட ஆயுதத்தைப் பெரும்பாலும் குழலைப் பற்றியே இழுக்கிறான். அப்போது குழலின் வாய் அவன் மார்பை நோக்கி இருக்கிறது. வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியின் விஷயம் இன்னும் மோசம். கெட்டித்த மருந்தைச் சுடாமல் வெளியே எடுப்பது கஷ்டம். அதற்கும் வழி உண்டு. வண்டியில் ஏறுமுன் வெடிக்கும் மூடியைக் கழற்றிவிட்டால் ஆபத்து பெரும்பாலும் நீங்கும்.

துப்பாக்கி விஷயத்தில் தாராளத்துக்குப் பெயர் பெற்ற அமெரிக்காவின் வெர்மாண்ட் ராஜ்யத்தைப் பாருங்கள். கைத்துப்பாக்கி வைத்துக் கொள்ள அங்கே அனுமதிச் சீட்டே கேட்பதில்லை. ஆயினும் பொதுச் சாலையில் செல்லும் வண்டிக்குள் தோட்டா நிரப்பிய நீண்ட துப்பாக்கி இருக்கக் கூடாது என்று அங்கேயும் சட்டம் இருக்கிறது. பென்ஸில்வேனியாவின் வேட்டைச் சட்டமும் அவ்விதமே. உரிமையைப் பெரிதாக மதிப்பவர்களும் இதை உரிமைக்கு விரோதமாகக் கருதவில்லை. அப்படியிருக்க, இங்கே இதைக் கேட்பது எவர் உரிமையைப் பறிப்பதாகும்?

பணவண்டிகளின் விஷயம் வேறு என்பதை ஒப்புக் கொள்கிறோம். 2018-இல் மத்திய சர்க்கார் வகுத்த மாதிரி விதிகள் ஒவ்வொரு பணவண்டியிலும் இரண்டு ஆயுதக் காவலர் இருக்க வேண்டும் என்றும், ஒரு தடவையில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றக் கூடாது என்றும் விதித்தன. கொள்ளையைத் தடுக்க நிற்பவனிடம் வெறுங்குழலைக் கொடுப்பதில் பயனில்லை. ஆனால் அந்தக் காவலன், சொற்பச் சம்பளத்துக்குப் பழைய துப்பாக்கியுடன் நிறுத்தப்படும் ஏழை. அவனுக்கு முறையான பயிற்சியும், ஆயுதத்துக்குக் காலந்தோறும் பரிசோதனையும் அளிப்பது கம்பெனி முதலாளிகளின் கடமை. அதைப் பார்ப்பது சர்க்காரின் கடமை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாரபட்சமற்ற அமல். தேர்தல் அறிவிப்பு வந்தால், பன்றியை விரட்டத் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவன் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறான். தாமதித்தால் அதட்டலும் கேட்கிறான். பிரமுகரின் பின்னே வரிசையாக வரும் மோட்டார்களில் கண்ணாடிக்கு வெளியே குழல் தெரிந்தாலோ, அதே போலீஸ் சலாம் வைத்து வழிவிடுகிறது. ஆள் பார்த்து அமலாகும் சட்டம், பெயர் எதுவானாலும், 1878-இன் ஆவிதான். நிறத்துக்குப் பதில் செல்வாக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே.

நாம் கோருவன மூன்று. லைசென்ஸ் தரும்போதே, வண்டியில் ஏறுமுன் தோட்டாவை இறக்கி உறையிலிடுக என்ற கட்டளையைத் தெளிந்த தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். மதுரை நகரில் போலீஸ் கமிஷனரும், வெளியே கலெக்டரும், 23-வது பிரிவின் அதிகாரத்தைக் குடியானவனின் ஜீப்புக்கும் பிரமுகரின் மோட்டாருக்கும் ஒன்று போலப் பிரயோகிக்கச் செய்ய வேண்டும். தேர்தல் காலத்தில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்வது ஆளுக்காள் ஆராய்ந்து செய்யப்பட வேண்டும், மந்தையாக அல்ல. தேச பக்தர்களும் தொண்டர்களும் தத்தம் தலைவர்களின் வண்டிகளிலிருந்தே இந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்குவார்களானால், சர்க்காருக்குப் புத்தி சொல்லும் தகுதி அவர்களுக்கு உண்டாகும். ஆயுதத்தைக் காட்டித்தான் மரியாதை பெற வேண்டுமென்ற நிலை சுதந்திர நாட்டுக்கு அழகல்ல.