நாளுக்கு ஒரு வசனம் போதுமா?

காலையில் கண் விழித்ததும் கைப்பேசியை எடுக்கிறோம். 'இன்றைய வசனம்' வந்து காத்திருக்கிறது. ஒரு மலரின் படம். அதன்மேல் பொன்னிற எழுத்தில் ஒரு வரி. படித்தும் படிக்காமலும் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுப் பல் துலக்கப் போகிறோம். மாலையில் அந்த வரி நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பிறரைக் கேட்கும் முன் இக்கேள்வியை என்னையே கேட்டுக்கொண்டேன். அதன் விளைவே இக்கட்டுரை.

நான் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது என் நெஞ்சு படபடக்கும். ஆசி வருமா, வெற்றி வருமா என்று ஆவலோடு பிரிப்பேன். ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கண்டிக்கும் வசனம் எழுதிய அட்டை ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வந்ததில்லை. இனிப்பை மட்டும் பொறுக்கி நிரப்பிய பெட்டியில் கசப்பு மருந்து எப்படிக் கிடைக்கும்?

நம்மவர் பெரிதும் விரும்பும் அட்டை எரேமியா 29:11. கடவுள் நமக்குத் தீமையை நினைக்கவில்லை, நல்ல முடிவையே நினைக்கிறார் என்பது அதன் கருத்து. தேர்வு நாளிலும் நேர்காணல் நாளிலும் அதைச் சட்டைப் பையில் வைத்துச் செல்வோர் உண்டு. அந்த அதிகாரத்தை முழுமையாகப் படித்தோர் எத்தனை பேர்?

அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் மன்னன் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துச் சென்ற மக்களுக்கு எரேமியா எழுதியனுப்பியது. விரைவில் ஊர் திரும்பலாம் என்று பொய்த் தீர்க்கதரிசிகள் ஆசை காட்டிய நேரம் அது. எரேமியா சொன்னதோ வேறு. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறை வைத்திருக்கும் நகரத்தின் நலனுக்காகவே மன்றாடுங்கள் என்றார். திரும்புவதற்கு எழுபது ஆண்டு ஆகும் என்றும் சொன்னார். எழுபது ஆண்டு! கடிதத்தைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த நாளைக் காணாமலே கண் மூடியிருப்பர். அட்டையில் ஆறுதலாக இருக்கும் அதே வரி, அதிகாரத்தில் பொறுமையையும் பகைவர் நலனையும் நம்மிடம் கேட்கிறது. வரியை மட்டும் பிய்த்தெடுத்தால் அது ராசிபலன். பகுதியோடு சேர்த்துப் படித்தால் அது கடமை.

அப்படியானால் நாளுக்கு ஒரு வசனம் என்ற வழக்கமே தவறா? அன்று. வரலாறு பயிலும் மாணவன் என்ற முறையில் அதன் தொடக்கத்தைச் சொல்ல விழைகிறேன். செருமனியின் சாக்சனிப் பகுதியில் ஹெர்ன்ஹூட் என்றோர் சிற்றூர். மொரேவியாவில் சமயக் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்தவர்களுக்கு, 1722-இல் சின்சென்டார்ப் பிரபு தம் நிலத்தில் இடமளித்ததால் உண்டான ஊர் அது. 1728-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் அவர் மறுநாளுக்கென ஒரு வாசகத்தை அம்மக்களுக்கு அளித்தார். அது வீடு வீடாகச் சென்று சொல்லப்பட்டது. 1731 முதல் இவ்வாசகங்கள் ஆண்டுதோறும் நூலாக அச்சாகி வருகின்றன. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வெளிவருகின்றன. அச்சகோதரர்களுள் சிலர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினர்.

அந்த நூலையும் அப்படியே விதியின் குரலாகக் கொள்ளலாகாது. ஆனால் அதைப் படித்து வாழ்ந்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். செருமானிய இறையியலார் டீட்ரிக் போன்ஹோஃபர் 1939 ஜூனில் நியூயார்க்கில் இருந்தார். தாய்நாட்டில் ஹிட்லரின் ஆட்சி. போர் மூளும் வேளை. அவர் பாதுகாப்பாக அமெரிக்காவிலேயே தங்க நண்பர்கள் வழி செய்திருந்தனர். அவர் மனமோ அமைதி கொள்ளவில்லை. நாடு திரும்புவதென முடிவு செய்தார். ஜூன் 26-ஆம் நாள் அவர் படித்த பகுதியில், குளிர்காலத்துக்கு முன் வந்துவிடு என்று பவுல் தீமோத்தேயுவை அழைக்கிறார். அது தமக்கே சொன்னதுபோல் நாள் முழுதும் தம்மைத் தொடர்ந்ததென்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். வேதப் பகுதி அவருக்குச் சுவரில் மாட்டும் அழகு அட்டையாக இருக்கவில்லை.

அவ்வளவு பெரிய தியாகம் நம் எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை. நம்மிடம் கேட்கப்படுவது சிறியது. ஆயினும் அதையும் நாம் செய்வதில்லை. என் கதையையே சொல்கிறேன்.

விடுதியில் என் அறைத் தோழனின் குறிப்பேட்டை வாங்கித் தொலைத்துவிட்டேன். கேட்டபோது, கொடுத்துவிட்டேன் என்று சாதித்தேன். ஒன்பது நாள் எங்களுக்குள் பேச்சில்லை. அந்த ஒன்பது நாளும் நான் வேதம் வாசிக்கத் தவறவில்லை! பத்தாம் நாள் முறைப்படி வந்தது மத்தேயு ஐந்தாம் அதிகாரம். காணிக்கை செலுத்த வந்தவன் அதைப் பீடத்தின் முன்னே விட்டுவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகப் போகவேண்டும் என்கிறார் இயேசு. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். வேதத்தை மூடினேன். எதிர்க் கட்டிலில் அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். எனக்கு வாய் வரவில்லை. மாலையில்தான் சொன்னேன். "எனக்குத் தெரியும்டா. நீயா சொல்றியான்னுதான் பார்த்தேன்" என்றான். அன்றிரவே இருவரும் அமர்ந்து குறிப்புகளைப் புதிதாக எழுதத் தொடங்கினோம். அவன் கிறித்தவன் அல்லன்.

வசனத்தை நம்பி நாளை ஓட்டுவது மூடநம்பிக்கை என்று பகுத்தறிவு நண்பர்கள் சொல்லக்கூடும். ராசிபலன்போல் படித்தால் அவர்கள் சொல்வது சரியே. ஆகவே என் கருத்து இது: ஒரு வரியைப் படிக்காதீர்கள், ஒரு பகுதியைப் படியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று கேளுங்கள். பிறகு, இரவு படுக்கும் முன் அதற்காகச் செய்யவேண்டியது ஒன்று உண்டா என்று பாருங்கள். குறள் படிப்போருக்கும் திருக்குர்ஆன் ஓதுவோருக்கும் இது பொருந்தும்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னாவை, மறுநாளைக்கென்று வைத்தபோது அது புழுத்து நாறிற்று என்கிறது யாத்திராகமம். காலையில் பெற்றதை அன்றைக்கே உண்ண வேண்டும். படித்த நல்லதையும் அன்றைக்கே செய்துவிட வேண்டும்.