எண்ணெய் இழுக்கும் ஜீப்

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கிளட்ச் மிதிக்கத் தெரியாதவர்களுக்கானது என்று ஒரு கட்சி நம்மிடையே இன்னும் இருக்கிறது. 'கியர் போடாதவன் எல்லாம் ஒரு டிரைவரா?' என்று மீசையைத் தடவிக்கொள்ளும் கட்சி. அவர்களை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள மோவாப் என்ற ஊருக்கு ஒரு நடை அழைத்துப் போகவேண்டும். செக்கச்செவேல் என்று, யானை முதுகு மாதிரி பாறைகள். 1967-ல் ஆரம்பித்து, ஈஸ்டர் சமயத்தில் ஜீப்களைத் திரட்டிக்கொண்டு வந்து அதன் மேல் ஏறி இறங்குகிறார்கள். செங்குத்தில் பாதி வழியில் நின்று, ஒரு கால் பிரேக்கிலும் ஒரு கால் ஆக்ஸிலரேட்டரிலுமாக அங்குலம் அங்குலமாக நகரும்போது, கிளட்சுக்கு மூன்றாவது கால் தேவைப்படும். ஆண்டவன் இரண்டுதான் கொடுத்திருக்கிறான். பாறைக்கு ஆட்டோமேட்டிக்கே உத்தமம் என்று சொல்கிற பெரிய கோஷ்டி அங்கே உண்டு.

டென்வரில் இருக்கும் என் அக்கா மகன் அந்தக் கோஷ்டியில் சேர்ந்துவிட்டான். 1980 மாடல் சிஜே-7 ஜீப் ஒன்றை வாங்கியிருக்கிறான். யாரோ புண்ணியவான் அதில் ஷெவர்லே 350 வி-8 இன்ஜினையும் டர்போ 350 என்கிற மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியையும் மாட்டி வைத்திருக்கிறார். போனில் கூப்பிட்டான்.

"மாமா, டார்க் கன்வெர்ட்டர் மாத்தப் போறேன். 10 இன்ச், 2800 ஸ்டால். கடைக்காரன் சூப்பரா இருக்கும்ங்கறான்."

"யாருக்கு?"

பதில் இல்லை.

டார்க் கன்வெர்ட்டர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரும் புதிருமாக வையுங்கள். ஒன்றை மட்டும் சுவிட்ச் போட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய், இரண்டையும் சேர்த்து ஒரு இரும்பு வடைக்குள் அடைத்துவிட்டால் முக்கால் கிணறு தாண்டியாயிற்று. மீதிக் கால் கிணற்றில்தான் சாமர்த்தியம். இரண்டாவது ஃபேனில் மோதித் திரும்பும் எண்ணெய், முதல் ஃபேனின் முகத்தில் அறையும். அதைத் திசைமாற்றி, ஊஞ்சலைப் பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி முதுகில் தள்ள வைப்பதற்கு நடுவில் 'ஸ்டேட்டர்' என்று மூன்றாவதாக ஒன்று. இதனால் வண்டி நின்ற நிலையில் கிளம்பும்போது இன்ஜினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-ல் காப்புரிமை வாங்கியது கப்பலுக்காக. காருக்கு வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சக்கரம் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தினால், இன்ஜின் எந்த வேகத்துக்கு மேல் போகமுடியாமல் திணறுகிறதோ, அது ஸ்டால் வேகம். கன்வெர்ட்டரின் விட்டம் குறையக் குறைய இது எகிறும். காரணம், அது தாங்கும் விசை விட்டத்தின் ஐந்தாவது படியில் போகிறது. 12 அங்குலத்தை 10 அங்குலமாக்கினால் ஏதோ ஆறில் ஒரு பங்கு போயிற்று என்று நினைப்போம். தாங்கும் விசை இரண்டரையில் ஒன்றாகிவிடும். 1800-ல் நின்ற ஸ்டால் 2800-க்குத் தாவும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

2800 வந்தால்தான் வண்டி நகரும் என்று அர்த்தமில்லை. சம தரையில் சாதாரணமாகப் போகும். ஆனால் முன் சக்கரம் பாறையில் முட்டி நிற்கும்போது, இன்ஜின் கத்தும், எண்ணெய் வழுக்கும், வண்டி அசையாது. இன்னும் கொஞ்சம் மிதித்தால் திடீரென்று துள்ளும். பாறையில் துள்ளுகிற வண்டிக்கு ஆக்ஸில் உடைவது சகஜம். அசையாமல் கத்துகிற நேரத்தில் இன்ஜின் கொடுப்பது அத்தனையும் எண்ணெயில் சூடாக இறங்குகிறது. 50 குதிரைசக்தி என்றால் 37 கிலோவாட். வீட்டில் வெந்நீர் போடுகிற ஒரு கிலோவாட் ராடு முப்பத்தேழை அந்த எண்ணெயில் முக்கிவைத்த மாதிரி. எண்ணெய் 80, 90 டிகிரியில் சந்தோஷமாக இருக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, இறங்குவது. அவன் பெண்ணுக்கு எட்டு வயது. பின் சீட்டில் அவளையும் வைத்துக்கொண்டுதான் போகப்போகிறானாம். ஏறும்போது இரட்டிப்பாக்கிக் கொடுக்கிற கன்வெர்ட்டர், இறங்கும்போது அந்தத் தயவைக் காட்டாது. சக்கரம் இன்ஜினைத் திருப்ப முயலும், எண்ணெய் வழுக்கிக் கொடுக்கும். ஸ்டால் அதிகமான கன்வெர்ட்டர் இன்னும் தாராளமாக வழுக்கும். அப்புறம் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கியரும் பிரேக்கும்தான்.

"உன் கியர் கணக்கு என்னடா?" என்றேன். சொன்னான். முதல் கியர் 2.52, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.62, ஆக்ஸில் 3.73. பெருக்கினால் 24.6. இன்ஜின் சுமார் 25 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்று கம்பெனியிலிருந்தே வருகிற ரூபிகான் ஜீப்பின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் இதே பெருக்கல் 4.71, 4, 4.10. விடை 77.

போதாக்குறைக்கு, பயல் 29 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 35 அங்குலம் மாட்டியிருக்கிறான். பார்க்க ஐயனார் குதிரை மாதிரி கம்பீரம். ஆனால் அதோடு இருந்த 25-லும் ஆறில் ஒரு பங்கு காலி. வண்டி திணறுவதற்குக் கன்வெர்ட்டர் மேல் பழி போட்டது இப்படித்தான். ஆக்ஸிலில் 4.56 பல்சக்கரம் போட்டால் டயர் தின்றது திரும்ப வரும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 4-க்கு 1 செட்டும் கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 46. காசு இருந்தால் முதலில் அங்கே போடச் சொன்னேன்.

"அப்ப கன்வெர்ட்டர்?"

12 அங்குலம். 1600-லிருந்து 1800-க்குள் ஸ்டால். உள்ளே இறக்கைகள் சும்மா மடித்துச் செருகியதாக இல்லாமல், உலையில் வைத்துப் பற்றவைத்ததாக இருக்கவேண்டும். பெட்டிக்கு முன்னால் தனியாக ஃபேன் வைத்த ஆயில் கூலர், டேஷ்போர்டில் ஆயில் சூட்டுக்கு ஒரு மீட்டர். இன்னொன்றும் சொன்னேன். டென்வர் ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்து இன்ஜின் பலத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஸ்டால் வேகம் அந்தப் பலத்தின் வர்க்கமூலத்தோடு போவதால், சமவெளியில் 1800 என்றது அங்கே 1650 பக்கம்தான் காட்டும். கொலராடோவில் இமோஜீன் கணவாய் மாதிரி 13,000 அடிக்குப் போனால் இன்னும் இறங்கும். 'கம்பெனி ஏமாற்றிவிட்டான்' என்று சண்டைக்குப் போகவேண்டாம்.

2800 ஸ்டால் கெட்டது என்று சொல்லவில்லை. கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேட்டில் சக்கரம் சட்டென்று வேகம் பிடிக்காவிட்டால் வண்டி புதைந்துபோகும். அங்கே அது ராஜா. 3000-க்கு மேல்தான் உயிர்வருகிற கேம்ஷாஃப்ட் போட்ட இன்ஜினுக்கும் அதுதான் சரி. இவன் இன்ஜின் அப்படி இல்லை, போகிற இடமும் மணல் இல்லை.

நம்மூர் வாசகர்களுக்கு இந்த வம்பில்லை. 2020 அக்டோபரில் வந்த புதிய தாரின் ஆட்டோமேட்டிக்கில் கன்வெர்ட்டரைக் கம்பெனியே இன்ஜினுக்குப் பொருத்தமாகப் போட்டுவிட்டது. ஒன்று மட்டும் கவனியுங்கள். ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்று சொல்லும் எல்லாவற்றிலும் இந்த எண்ணெய் வடை கிடையாது. ஏஎம்டி என்பதில் பழைய கிளட்சேதான். உங்கள் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் மிதிக்கிறது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரிலேயே பிடித்து நிறுத்திவைத்தால், கொஞ்ச நேரத்தில் கிளட்ச் தீயும் வாசனை வரும்.

மாட்டியபின் ஸ்டால் பார்க்கவேண்டும் என்று பயல் துடிக்கிறான். லோ கியரில் கூடவே கூடாது, பிரேக் தாங்காமல் வண்டி கிளம்பிவிடும். ஹை ரேஞ்சில், சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாமல், ஐந்து விநாடிக்கு மேல் போகாமல் என்று சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் நியூட்ரலில் போட்டு ஆறவிட வேண்டும். மோவாப் போய்வந்த பிறகு ஆயில் குச்சியை உருவி ஒரு வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். புது ஆயில் ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பாக இருக்கும். டிகாஷன் கலரில் கருகல் வாசனையோடு வந்தால், அடுத்த பயணத்துக்கு முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, கூலர் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கவேண்டும்.