முதியோரின் சிறு வைப்புகளைப் பணவீக்கத்திலிருந்தும் ரூபாவின் வீழ்ச்சியிலிருந்தும் பாதுகாக்கக் கோரும் மனு

பெறுநர்:
ஆளுநர், இலங்கை மத்திய வங்கி, கொழும்பு.
செயலாளர், நிதி அமைச்சு, கொழும்பு.

அனுப்புநர்:
யாழ்ப்பாண மாவட்ட முதியோரும் சிறு வைப்பாளரும் அங்கம் வகிக்கும் சங்கத்தின் செயற்குழு.

பிரதி: மாவட்டச் செயலாளர், யாழ்ப்பாணம்.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மணி,

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள், தபால் ஊழியர்கள், கணவரை இழந்த பெண்கள், கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஒதுங்கியவர்கள் என்று பலரும் சேர்ந்ததே எமது சங்கம். எங்களில் அநேகரிடம் விற்பதற்குக் காணி இல்லை. பணிக்கொடையாக வந்த தொகையோ நகை விற்ற காசோ நிலையான வைப்பில் கிடக்கிறது. மாத வட்டியில் மருந்தும் மின்கட்டணமும் நடக்கின்றன. அந்த வைப்பின் பெறுமதியைக் காக்கவே இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலைக்கு வந்தபோதும், 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோதும், வங்கி வைப்புகளில் கைவைக்கப்படமாட்டாது என்று மக்களுக்கு உறுதி கூறப்பட்டது. அந்த உறுதி காப்பாற்றப்பட்டது, அதற்கு நன்றியுடையோம். ஆனால் காப்பாற்றப்பட்டது வைப்புப் பத்திரத்தில் எழுதியிருந்த தொகை மட்டுமே. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 2021 செப்டெம்பரில் 10 இலட்சம் ரூபாவை வைப்பிலிட்ட ஒரு முதியவர், அரசு அப்போது முதியோருக்குத் தந்த 15 வீதச் சிறப்பு வட்டியை முழுமையாகப் பெற்றிருந்தாலும், ஓராண்டின் பின் அவர் கையில் இருந்த 11 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு முன்னைய ஆண்டின் விலையில் ஏறத்தாழ 6 இலட்சத்து 77 ஆயிரம் ரூபாப் பொருளே வாங்க முடிந்தது. நாட்டிலேயே கூடிய சலுகை வட்டி பெற்றவருக்கு நேர்ந்தது இது. சாதாரண சேமிப்புக் கணக்கில் காசை வைத்திருந்தவரின் நிலையைத் தாங்களே கணித்துக்கொள்ளலாம்.

ரூபா விழுந்த கதையும் இதுவே. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. ஏறத்தாழ 4,900 டொலருக்குச் சமமாயிருந்த 10 இலட்சம் இரண்டு மாதங்களில் 2,800 டொலருக்கும் கீழே போயிற்று. மருந்தும் மாவும் பருப்பும் எரிவாயுவும் இறக்குமதியாகும் நாட்டில், டொலரைக் கண்ணால் காணாதவரும் இந்த இழப்பைச் சுமக்கிறார். 15 இலட்சத்துக்கு 15 வீத வட்டி என்றால் மாதம் 18,750 ரூபா. 2021இல் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்பிரலில் 4,860 ரூபாவானது. மாத வட்டியில் கால்வாசிக்கும் மேல் ஒரே சிலிண்டருக்குப் போனது. அதையும் வரிசையில் நின்றுதான் வாங்கினோம்.

2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கியதை அறிவோம். விலை ஏறுவது நின்றது, ஆனால் ஏறிய விலை 2021ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பவில்லை. கரைந்த சேமிப்பும் திரும்பவில்லை.

இந்த வீழ்ச்சிக்கு நாங்கள் காரணமல்ல. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. வருமானம் குறைந்த அரசுக்கு மத்திய வங்கி பணம் அச்சிட்டுக் கடன் கொடுத்தது. எங்கள் வைப்பு கரைந்த அதே மாதங்களில் அரசின் ரூபாக் கடனின் உண்மைச் சுமையும் கரைந்தது. சேமித்தவர் இழந்ததில் ஒரு பங்கு கடன்பட்ட அரசுக்கு இலாபமாயிற்று என்பதை இங்கு அழுத்தமாகப் பதிவு செய்கிறோம். கீழ்வரும் கோரிக்கைகளை உதவியாக அல்ல, நியாயமாகவே கேட்கிறோம்.

எமது முதன்மைக் கோரிக்கை, 60 வயதுக்கு மேற்பட்டோருக்காக விலைச் சுட்டெண்ணோடு இணைந்த சேமிப்புப் பத்திரம் ஒன்றை அரசு வெளியிட வேண்டும் என்பதாகும். பணவீக்கம் எவ்வளவோ அவ்வளவுக்கு முதல் உயர வேண்டும், அதன்மேல் சிறிய வட்டி ஒன்று போதும். இது புதுமையல்ல. பிரித்தானியா 1975இல் ஓய்வூதிய வயதினருக்கென்றே இத்தகைய பத்திரத்தை வெளியிட்டது. இந்தியா 2013இல் நுகர்வோர் விலைப் பணவீக்கத்துக்கு மேல் 1.5 வீதம் தரும் பத்திரத்தைத் தனிநபருக்கு விற்றது. திறைசேரியின் சுமை கட்டுக்குள் இருக்க, ஒருவருக்கு 15 இலட்சம் என்று உச்சவரம்பு வைக்கலாம். தேசிய சேமிப்பு வங்கியின் சேவை ஏற்கெனவே தபாலகங்களில் கிடைப்பதால் அங்கேயே இப்பத்திரத்தையும் விற்க வேண்டும். நெடுந்தீவிலிருந்து படகேறிப் பட்டினத்துக்கு வந்து படிவம் நிரப்பும் நிலை முதியவர்களுக்கு வேண்டாம்.

அடுத்தது சிறப்பு வட்டித் திட்டம். 15 இலட்சம் வரையான வைப்புக்கு 15 வீதம் தந்த பழைய திட்டம் 2022 ஒக்ரோபரில், பணவீக்கம் உச்சத்தில் இருந்தபோதே நிறுத்தப்பட்டது. அந்நாட்களில் சந்தை வட்டியே 15 வீதத்துக்கு மேல் இருந்தது உண்மைதான். பின்னர் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது திட்டம் திரும்பி வரவில்லை. 2025 யூலையிலிருந்து 10 இலட்சம் வரையான 12 மாத வைப்புக்கு மேலதிகமாக 3 வீதம் வழங்கப்படுவதை வரவேற்கிறோம். எனினும் நான்கு ஆண்டு விலையேற்றத்துக்குப் பின் உச்சவரம்பு 15 இலட்சத்திலிருந்து 10 இலட்சமாகச் சுருங்கியிருப்பதை ஏற்க முடியவில்லை. வரம்பை 20 இலட்சமாக உயர்த்த வேண்டும். சுற்றறிக்கை ஒன்றால் தரவும் பறிக்கவும் முடியாதபடி இத்திட்டத்தைச் சட்டமாக்கவும் வேண்டும்.

வட்டிமீதான நிறுத்திவைத்தல் வரி 2025 ஏப்பிரலில் 5 வீதத்திலிருந்து 10 வீதமானது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர் சுயபிரகடனம் கொடுத்து விலக்குப் பெறலாம். நடைமுறையில் எங்கள் உறுப்பினர் பலர் இதை அறியாமலே வரி கட்டுகிறார்கள். வரி இலக்கம் எடுக்க ஓரிடம், படிவத்துக்கு இன்னோரிடம் என்று அலைந்து களைத்து, போகட்டும் என்று விட்டவர்களும் உண்டு. முதியோரின் சிறு வைப்புகளுக்கு வங்கியே தானாக விலக்களிக்கும் முறை வேண்டும். அதுவரை, தமிழில் அச்சிட்ட படிவம் ஒவ்வொரு கிளையிலும் இருப்பதை உறுதிப்படுத்துங்கள்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தை ரூபாவாக மாற்றாமல் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்திருக்கச் சட்டம் இடமளிக்கிறது. கருமபீடத்தில் இதை யாரும் சொல்வதில்லை. மாற்றுவதற்கு முன் வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் என்று மத்திய வங்கி பணிக்க வேண்டும். 2021இல் 11 இலட்சமாக்கப்பட்ட வைப்புக் காப்புறுதி வரம்பையும் அதன் பின்னைய விலையேற்றத்துக்கு ஏற்ப உயர்த்தக் கோருகிறோம்.

இறுதியாக, 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசுக்குப் பணம் அச்சிட்டுக் கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. எந்த அரசு வந்தாலும், எந்த நெருக்கடியைக் காரணம் காட்டினாலும், இந்தத் தடையைத் தளர்த்த இடமளிக்க வேண்டாம். பணவீக்கம் 5 வீத இலக்கைத் தவறும்போது பாராளுமன்றத்துக்குச் செல்லும் அறிக்கையில் சிறு வைப்பாளருக்கு ஏற்பட்ட விளைவும் தனிப் பகுதியாக இடம்பெற வேண்டும்.

அடுத்த வரவுசெலவுத் திட்ட முன்மொழிவுகள் இறுதியாவதற்கு முன் எமது பிரதிநிதிகளைச் சந்திக்க நேரம் ஒதுக்கித் தருமாறும், மேற்படி கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில், தமிழில் பதில் தருமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
(செயற்குழுவின் சார்பில்)
யாழ்ப்பாணம்