ஆதார் போதும், கப்பல் எங்கே போகும்?

‘பாஸ்போர்ட் தேவையில்லை, ஆதார் போதும்! சொகுசுக் கப்பலில் இரண்டு இரவுகள்!’ சென்ற வாரத்தில் மட்டும் இந்த விளம்பரம் என் கைபேசிக்கு நான்கு முறை வந்துவிட்டது. அனுப்பியவர்கள் எல்லாரும் விவரம் தெரிந்தவர்கள். அதில் இருவர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ‘அப்பாடா, பாஸ்போர்ட் அலைச்சல் இல்லை’ என்று ஒருவர் கீழே எழுதியும் இருந்தார். அந்த ‘அப்பாடா’தான் என்னை எழுத உட்கார வைத்தது.

ஆதாரைக் காட்டி ஏறும் அந்தக் கப்பல் எங்கே போகிறது என்று இவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கேயும் போவதில்லை. சென்னைத் துறைமுகத்தில் கிளம்பி, கரை கண்ணுக்கு மறைகிற தூரம் போய், அங்கேயே சுற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறது. ‘ஹை சீஸ்’ பயணம் என்று இதற்குப் பெயர். காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள் வயிற்றுப்பாட்டுக்காகப் போய்வருகிற கடல்தான் அது. மேல்தளத்தில் நீச்சல்குளம் உண்டு, பாட்டு உண்டு, பஃபே உண்டு, மறுக்கவில்லை. கரையில் போட்டால் போலீஸ் வந்து நிற்கக்கூடிய சூதாட்ட மேஜைகளும் கரை தாண்டியதும் திறந்துகொள்கின்றன. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய முதல் சொகுசுக் கப்பலை, இந்தச் சூதாட்டப் பேச்சு கிளம்பியதால்தான் புதுச்சேரி அரசு கரையண்ட விடவில்லை.

மத்திய அரசு 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் ‘குரூஸ் பாரத் மிஷன்’ திட்டத்தைத் தொடங்கியது. 2029க்குள் ஆண்டுக்கு 10 லட்சம் பேரைக் கடல் கப்பல்களில் ஏற்றுவது இலக்கு. முனையங்கள் கட்டுவார்கள், துறைமுகங்களை ஆழப்படுத்துவார்கள், வரிச்சலுகை தருவார்கள். ஏறப்போகிறவர் கையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்பதுமட்டும் யார் கணக்கிலும் இல்லை. 2022 இறுதியில் இந்தியாவில் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் 9 கோடிச் சொச்சம். அதாவது 100 பேருக்கு 7 பேர். இந்த 7 என்ற எண்ணை நான் எல்லாக் கூட்டங்களிலும் சொல்லிச் சொல்லி நண்பர்கள் என்னையே ‘ஏழு’ என்று கூப்பிடுகிறார்கள். பரவாயில்லை. மீதி 93 பேரை வைத்துக்கொண்டு கப்பல் ஓட்டினால் அது நடுக்கடலைத்தான் சுற்றும்.

என் பெரியப்பா அந்த 93 பேரில் ஒருவர். வயது 74. சென்ற ஆண்டு அவருடைய மகன் சென்னையிலிருந்து இலங்கை போய்வரும் ஐந்து இரவுக் கப்பலில் குடும்பத்துக்கே இடம் பிடித்தார். மற்ற நால்வரிடம் பாஸ்போர்ட் இருந்தது. பெரியப்பாவுக்கு மட்டும் இல்லை. எங்கள் பேட்டை ஏஜென்ட், ‘சீனியர் சிட்டிசன்தானே சார், ஆதாரே ஓடும்’ என்று சொல்லிவிட்டார். ராஜாஜி சாலையில் முனையத்து வாசல்வரை ஓடியது. கவுன்ட்டரில் இருந்த பெண் ஆதாரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ‘இது ஃபாரின் போர்ட் அங்கிள்’ என்றாள். புது வெள்ளை கேன்வாஸ் ஷூ, கழுத்தில் தொங்கும் கூலிங் கிளாஸ், மாத்திரை டப்பா, நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் சகிதம் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ‘நீங்க போய்ட்டு வாங்கப்பா, நான் மெரினாவிலேருந்து டாட்டா காட்டறேன்’ என்றார். காட்டவும் செய்தார். கப்பல் கிளம்பும்போது இருட்டிவிட்டது, யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்தக் கதையைச் சொன்னால் உடனே ஒருவர் அமெரிக்காவை இழுப்பார். ‘அங்கே கப்பலுக்கு பாஸ்போர்ட்டே வேண்டாமே!’ மருமகன் மயாமியில் இருப்பவர்கள் இதைச் சற்று உரக்கவே சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கிவிடக் கூடாது. சொகுசுக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடிக் கப்பல்கள். எனவே கிளம்பிய துறைமுகத்துக்கே திரும்பி வருகிற வட்டப் பயணம் அங்கே வழக்கமானது. 2009 ஜூன் 1 முதல் கனடா, மெக்சிகோ, கரீபியத் தீவுகளிலிருந்து தரை வழியாகவும் கடல் வழியாகவும் நாடு திரும்பும் அமெரிக்கர்களுக்கு பாஸ்போர்ட்டோ அதற்கு ஈடான அட்டையோ கட்டாயமானது. இந்த வட்டப் பயணத்துக்கு மட்டும் விலக்கு: பிறப்புச் சான்றிதழும் அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையும் போதும். கப்பல் முதலாளிகளின் வயிற்றில் அடிக்காமலிருக்க விட்ட ஓட்டை இது என்பது என் கணிப்பு.

ஆனால், அந்த ஓட்டை வழியாகப் போகிறவர் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டால்? சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருக்கையில் கப்பல் சங்கு ஊதிக் கிளம்பிவிட்டால்? விமானத்தில்தான் வீடு திரும்ப வேண்டும். விமானத்துக்கு 2007இலிருந்தே பாஸ்போர்ட் கட்டாயம். பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தூதரக வாசலில் நிற்க வேண்டியதுதான். அதனால்தான் அமெரிக்க வெளியுறவுத் துறையே, கப்பல் பயணிகள் எதற்கும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள் என்று புத்தி சொல்கிறது. மார்த்தினிக் மாதிரி சில தீவுகளில் இறங்க வேண்டுமென்றால் கப்பல் நிறுவனங்களே கேட்டு வாங்கிப் பார்க்கும்.

மயாமி மாமனார்கள் சொல்லாமல் விடுகிற எண் ஒன்று உண்டு. 1990இல் அமெரிக்கர்களில் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் 100க்கு 5 பேர். இன்று ஏறத்தாழப் பாதிப் பேர். 5 எங்கே, 50 எங்கே! கட்டாயம் என்றதும் மக்கள் வாங்கினார்கள், வாங்கியதும் போனார்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். எனக்கு இந்த ஒன்று போதும். நம் பக்கத்திலேயே கேரளத்தைப் பாருங்கள்: மூன்றரைக் கோடி மக்கள், ஒரு கோடிக்கு மேல் பாஸ்போர்ட். வளைகுடாவுக்குப் போய்ப் பழகிய வீட்டில் பாஸ்போர்ட் என்பது ரேஷன் அட்டைக்குப் பக்கத்தில் கிடக்கிற பொருள். நம் வீட்டில் அது லாக்கரில் தாலிக்கொடியோடு இருக்கிறது.

‘இருபது கல் தூரத்துத் தீவுக்குப் போக பாஸ்போர்ட் எதற்கு? எல்லையையே எடுத்துவிட வேண்டியதுதானே?’ என்று கவிதை பேசுகிறவர்கள் இன்னொரு கட்சி. கச்சத்தீவை உதாரணம் காட்டுவார்கள். 1974 ஒப்பந்தப்படி அந்தோணியார் கோயில் திருவிழாவுக்குப் போகும் நம் பக்தர்களிடம் இலங்கை பயண ஆவணமோ விசாவோ கேட்கக் கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால், அந்தச் சலுகையில் போகிறவர் கச்சத்தீவை விட்டு அடுத்த தீவில் கால் வைக்க முடியாது. ஹை சீஸ் கப்பலின் பக்திப் பதிப்பு என்று சொன்னால் அந்தோணியார் கோபித்துக்கொள்ள மாட்டார். எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிய காலம் 1964 டிசம்பர் புயலோடு போயிற்று. புயலையும் சட்டத்தையும் திட்டிக் கவிதை எழுதுவதைவிட பாஸ்போர்ட்டுக்கு ₹1,500 கட்டுவது சுலபம்.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். சுமார் 60 கடல்மைல், நான்கு மணி நேரம். 150 பேர் உட்காரும் கப்பலில் தொடக்க நாளன்று போனவர்கள் 50 பேர். ஒரே வாரத்தில் பருவமழையைச் சொல்லி நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்ட்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கினார்கள். கட்டணம் அதிகம், விளம்பரம் போதாது, கடல் கொந்தளிப்பு என்று நிபுணர்கள் பத்துக் காரணம் சொன்னார்கள். நாகை, வேளாங்கண்ணி, திருவாரூர்ப் பக்கம் எத்தனை வீட்டில் பாஸ்போர்ட் இருக்கிறது என்று ஒரு நிபுணரும் கேட்கவில்லை. காலி இருக்கைக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

ஆதாரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று 2016ஆம் ஆண்டு ஆதார் சட்டமே சொல்கிறது. 2025இல் பீகாரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது தேர்தல் ஆணையம் கேட்ட 11 ஆவணங்களில் பாஸ்போர்ட் இருந்தது, ஆதார் இல்லை. பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டுத்தான் ஆதாரைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்க வைத்தது, அதுவும் அடையாளத்துக்கு மட்டும். ‘ஆதார் போதும்’ என்று குதூகலிக்கிறவர்கள் எதற்குப் போதும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கப்பலில் சுற்றுவதற்காக எடுத்த பாஸ்போர்ட், வாக்குரிமைக்கும் கைகொடுக்கும்.

அலைச்சல் இல்லையா என்றால், இருக்கிறது. முனையத்தில் அவமானப்பட்ட மறுமாதமே பெரியப்பாவை நான் கூட்டிக்கொண்டு போனேன். 60 தாண்டியவருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி, ₹1,350. பணம் பெரிதில்லை, பெயர்தான் பெரிது. ‘ஏ’ கவுன்ட்டர் பெண் கேட்டாள்: ‘சர்நேம் என்ன சார்?’ பெரியப்பா, ‘க’ என்றார். ‘கே ஃபார்?’ ‘கந்தசாமி. அது எங்கப்பா பேரும்மா.’ ‘அப்ப அதான் சர்நேம்.’ வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர், வடக்கே சாதிப் பெயர். இனிஷியலோடு வாழ்ந்த நமக்கு மட்டும் அப்பாவே குடும்பப் பெயராகிவிடுகிறார். பெட்டியைக் காலியாக விடலாம்தான். விட்டால், ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று 2022 நவம்பரில் துபாய்க்காரர்கள் சொன்ன மாதிரி இன்னொரு நாடும் சொல்லலாம். அடுத்தது பிறந்த தேதி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட ஜூன் 1 ஒன்று, ஆதாரில் யாரோ தட்டிய ஜனவரி 1 ஒன்று. நிஜமாகப் பிறந்தது ஐப்பசி. ஆதாரைத் திருத்தி, மறுபடி போய், போலீஸ் விசாரணைக்கு வந்தவருக்கு காபி கொடுத்து (காபிதான்), எல்லாம் முடிய இரண்டு மாதம்.

74 வயதில் இதைச் செய்வதுதான் கொடுமை. 18 வயதில் செய்துவிட்டால் பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் கையில் ஒத்துப்போய் இருக்கும், இனிஷியலை எப்படி விரிப்பது என்பதும் ஒருமுறையோடு முடியும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பெண் சான்றிதழோடு பாஸ்போர்ட்டையும் கட்டணமில்லாமல் கொடுத்துவிட வேண்டும். செலவு ஒன்றிய அரசுடையதா, மாநிலத்துடையதா என்று அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். பத்தாண்டு இதைச் செய்தால் நாகப்பட்டினத்துக் கப்பல் தினமும் இரண்டு நடை ஓடும். தலைமன்னார்க் கப்பலை மக்களே கேட்டு வாங்குவார்கள். அக்கரைக்குப் போய் அங்குள்ள மீனவர் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டு வந்தவர்கள் கூடிவிட்டால், பாக் நீரிணை மீனவர் தகராறே பாதி தீர்ந்துவிடும். மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் ஹை சீஸ் கப்பலில் ஏறி, பஃபே முடித்து, இறங்கட்டும்.

அதுவரை கப்பல் ஏற நினைப்பவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: முதலில் பாஸ்போர்ட், பிறகு டிக்கெட். பாஸ்போர்ட்டில்லாமல் கடல்தான் பார்க்க வேண்டுமென்றால் சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல் போகிறது. அது நிஜமாகவே ஓர் ஊருக்குப் போகிறது.

பெரியப்பாவின் பாஸ்போர்ட் போன மாதம் ஸ்பீடு போஸ்ட்டில் வந்தது. அட்டையில் சிப்புக்கான பொன்னிறக் குறி போட்ட புது ரகம், உள்ளே முத்திரை விழாத பக்கங்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். சர்நேம்: கந்தசாமி. என் தாத்தா முப்பதுகளில் நாகப்பட்டினத்தில் ‘ராஜுலா’ கப்பலேறிப் பினாங்கு போனவர். அவர் கையில் பாஸ்போர்ட் இருந்ததாக வீட்டில் யாரும் சொன்னதில்லை. பெரியப்பா விரலால் அந்தப் பெயரைத் தடவிவிட்டு, ‘ஏன்டா, அப்பா போனதுக்கு இப்பத்தான் குடுத்து அனுப்பியிருக்கானுங்களா?’ என்றார்.